இரண்டு வரி போதும், பாப்பா

சிந்துபூந்துறை, திருநெல்வேலி,
6.9.2025

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தம்பி ஓசூரிலிருந்து வந்து இருந்துவிட்டுப் போனான். மோட்டார் மறுபடி மக்கர் பண்ணியது, ஆள் வந்து சரிசெய்துவிட்டான். செங்கோட்டைக்காரர்கள் விஷயம் அப்படியேதான் நிற்கிறது. பெரியத்தை அதைப் பற்றி உன்னிடம் போனில் ஏதாவது சொன்னால் ம் கொட்டிவிட்டு விட்டுவிடு. நீ வேளைக்குத் தூங்கு.

போனில் பேசாமல் எதற்காகத் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்ததுமே "நல்லா இருக்கேன்ப்பா" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாய். அதற்குப் பிறகு நான் என்ன கேட்பது? மழையைப் பற்றிப் பேசுகிறோம், மாத்திரையைப் பற்றிப் பேசுகிறோம், வைத்துவிடுகிறோம். நீ செல்லினம் போட்டுக் கொடுத்ததால் போனில் தமிழில் அடிக்க வருகிறது. ஆனாலும் நீளமாக எழுத விரல் ஒத்துழைப்பதில்லை. பேனா பிடித்தால்தான் எனக்கு யோசனை ஓடும். தாளில் எழுதினால் நீ பாதியில் குறுக்கிட்டுச் சமாதானம் சொல்லவும் முடியாது.

காலையில் பால் வாங்கக் கிளம்பும்போது போனைப் பார்க்கிறேன். ஆறரை மணி இருக்கும். உன் பெயருக்குக் கீழே கடைசியாக வந்துபோன நேரம் காட்டுகிறது. கொஞ்சம் முன்னால்தான் வந்திருக்கிறாய். அப்போது பெர்லினில் மணி மூன்று. ஒருநாள் என்றால் ஏதோ வேலை என்று விட்டுவிடலாம். தினமும் அப்படியே இருக்கிறது. உன்னை வேவு பார்ப்பதாக நினைக்காதே. திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது, நான் என்ன செய்ய? ராத்திரி டியூட்டி பார்த்தவன் நான். மூன்று மணி எப்படிப்பட்ட நேரம் என்று எனக்குத் தெரியும். உடம்பு தரையோடு தரையாகக் கிடக்கும், மனசு மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டு இல்லாததையெல்லாம் எண்ணும். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று எங்கள் சூப்பர்வைசர் சொல்வார். பாலைச் சுடவைத்துக் குடி. போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படு.

சரி, எழுத வந்ததை எழுதுகிறேன்.

அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு நீ குடும்பக் குழுவில் ஒரு கவிதை போட்டாய். எல்லாரும் படித்தார்கள். மணி மாமா அழுததாகப் போட்டிருந்தார். சித்தி அதை அவள் வீட்டு ஆட்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். உன் தம்பி பிரின்ட் எடுத்து அம்மா படத்துக்குக் கீழே ஒட்டலாமா என்று கேட்டான். பார்க்கலாம் என்றேன். நானும் கைகூப்பின படம் ஒன்று போட்டேன். அதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை.

அது உன் கை இல்லை, பாப்பா.

எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பாய். 1974-இல் நான் தந்தி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோது மோர்ஸ்தான். கீயில் ஒருவர் அடிப்பார், இந்தப் பக்கம் சவுண்டரில் கட்டுகட்டென்று விழும், காதால் கேட்டுக் கையால் எழுதுவோம். புள்ளியும் கோடும் உலகத்துக்கெல்லாம் ஒன்றுதான். இருந்தாலும் அடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. ஒருவர் கோட்டை இழுப்பார், ஒருவர் எழுத்துக்கு எழுத்து மூச்சுவிடுவார், இன்னொருவர் எண் வந்தாலே பதறுவார். அந்தப் பக்கம் மதுரையில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு உடம்பு சரியில்லையா, வீட்டில் சண்டையா என்பதுவரை நாலு எழுத்தில் தெரிந்துவிடும். முகம் பார்த்தே இராத ஆளைச் சத்தத்தை வைத்து அடையாளம் சொல்லிவிடுவோம். அந்தக் காது எனக்கு இன்னும் போகவில்லை. உன் கவிதையைப் படித்தபோது எழுத்து இருந்தது, கை இல்லை.

"தாயே, நீ வெறும் உறவல்ல, என் உயிரின் ஒளிவிளக்கு" என்று தொடங்கியது. மடி வந்தது, தாலாட்டு வந்தது, நிலாச்சோறு வந்தது, ஆலமரம் வந்தது. நம் அம்மா உனக்கு எந்த நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினாள்? நாம் இருந்தது வாடகை வீட்டின் பின்கட்டு, வானம் தெரியாது. ரேடியோவில் மாநிலச் செய்தி முடிவதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று விரட்டுவாள். அவளுக்குத் தாலாட்டும் வராது. கணக்குச் சொல்லித் தூங்க வைப்பாள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே முதுகைத் தட்டுவாள், அவளுக்கு அப்போது தெரிந்த எண்வரை போய் மறுபடியும் ஒன்றுக்கு வருவாள். இதெல்லாம் உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.

பின்வீட்டுப் பையன் பிளஸ் டூ படிக்கிறான். பள்ளிக்கூடத்துக் கட்டுரையெல்லாம் போனில் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்குகிறான். ஒரு சாயங்காலம் அவனை விட்டு, அம்மாவின் முதல் நினைவு நாளுக்குத் தமிழில் ஒரு கவிதை வேண்டும் என்று போடச் சொன்னேன். பக்கத்தில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் வந்துவிட்டது. விளக்கு இருந்தது, மடி இருந்தது, ஆலமரமும் இருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று அவனிடமே கேட்டேன். உலகத்தில் எழுதினதையெல்லாம் அதற்குக் காட்டிப் பழக்கியிருக்கிறார்களாம். ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரத் தோதானது என்று கணக்குப் பார்த்துப் பார்த்துக் கோக்கிறதாம். ஊரில் எல்லாரும் அம்மாவைப் பற்றிச் சொல்வது எதுவோ அதுதான் முதலில் வந்து நிற்கும் என்று எனக்குப் பட்டது. நம் அம்மாவை அதற்கு எப்படித் தெரியும்? யாரும் அவளைப் பற்றி எங்கேயும் எழுதி வைக்கவில்லையே.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் எங்கள் இலாகாவும் இதைச் செய்திருக்கிறது. வாழ்த்துத் தந்திக்கு அச்சடித்த பட்டியல் ஒன்று கவுண்டரில் தொங்கும். ஒன்றாம் நம்பர் தீபாவளி வாழ்த்து. ஐந்து பிறந்தநாளுக்கு. எட்டாம் நம்பர், நீண்ட இனிய இல்லற வாழ்வுக்கு நல்வாழ்த்துகள். முகூர்த்த நாளென்றால் எட்டு, எட்டு என்று அடித்துக் கை ஓய்ந்துவிடும். கம்பியில் போவது எண் மட்டும்தான். போய்ச்சேருகிற ஊரில் அந்த எண்ணுக்கான வாசகத்தை முழுசாக அடித்துப் பூப்போட்ட தாளில் கொடுப்பார்கள். அனுப்பினவர் ஒரு சொல்கூடச் சொந்தமாக எழுதவில்லை. ஆனாலும் 1979-இல் எங்கள் கல்யாணத்துக்கு வந்த தந்திகளைப் பச்சைப் பெட்டியில்தான் வைத்திருந்தாள் அம்மா. எடுத்து வாசிக்கச் சொல்வாள். "வாசகம் ஒன்றுதானே, பேரை மட்டும் படிங்க" என்பாள். நான் பெயரைப் படிக்கப் படிக்க, அவர் வந்திருந்தாரா வரவில்லையா, என்ன சீர் செய்தார், யாரோடு மனத்தாங்கல் என்று அவள் சொல்லிக்கொண்டு போவாள். வாசகம் சர்க்காருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அதை எழுதினது நான்தான் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. நினைத்தேன், காசு கட்டி அனுப்பினேன், கீழே என் பெயர். அவ்வளவுதான் அதில் செய்தி, அது பொய்யில்லை.

அதனால் நீ "அம்மா ஞாபகமாக இருக்கிறது" என்று மட்டும் போட்டிருந்தாலும் எனக்குப் போதும். எட்டாம் நம்பர் மாதிரி ஏதோ ஒன்றை அனுப்பி, "எனக்கு எழுத வரலைப்பா" என்று சொல்லியிருந்தாலும் போதும்.

எழுதத் தெரியாத பிள்ளை இதைச் செய்திருந்தால் நான் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நீ எழுதுகிறவள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு கவிதை எழுதினாயே, நான் நைட் டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்குவதைப் பற்றி:

அப்பா உறங்கும் பகலில்
வீடே
செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறது.

அதை நீ என்னிடம் காட்டவில்லை. ஒரு சிற்றிதழில் வந்தபிறகு அம்மாதான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காண்பித்தாள். அன்றைக்கு ஆபீசுக்கு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினேன். கூட வேலை பார்த்தவர் ஒருவர் படித்துவிட்டு, "என் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும், எனக்குத் தெரியாமலே போச்சு" என்றார். எவ்வளவோ வருஷம் ராத்திரி முழித்ததற்கு அன்றைக்குத்தான் கூலி கிடைத்த மாதிரி இருந்தது. மூன்று வரி. எங்கள் வீட்டுக்குள் இருந்து பார்த்தவளைத் தவிர வேறு யாரும் அதை எழுதியிருக்க முடியாது.

அப்படிப்பட்டவள் அம்மாவுக்கு எழுத வெளியே போய்க் கடன் வாங்கியிருக்கிறாள் என்றால், உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எனக்குக் கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி பதினோரு மணிக்கெல்லாம் படுத்துவிடு.

இந்த வயதில் வேறு வேலை இல்லாததால் நூலகத்தில் உட்கார்ந்து குறுந்தொகை படிக்கிறேன். உ.வே.சா. உரை. நீ பரீட்சைக்குப் படித்தபோது நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியிருக்கிறேன், கரண்ட் இல்லாத நாளில். அப்போது காதில் விழுந்தது, இப்போதுதான் உள்ளே போகிறது. நாலு அடி முதல் எட்டு அடி வரை, அதற்குள் ஒருவர் மனசு முழுக்க அடங்கிவிடுகிறது. தந்தி ஆபீசில் இருந்தவனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா? உங்கள் போன் திரைக்கும் அது சரியான அளவுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனில் எழுதுகிற நாலு வரிகளையும் நான் விடாமல் படிக்கிறேன். சிலது நெஞ்சில் தைக்கிறது. எல்லாம் கெட்டுப்போச்சு என்று சொல்கிற ஆள் நானில்லை என்று உனக்குத் தெரியும்.

குறுந்தொகையில் சில புலவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை. பாட்டில் அவர்கள் வைத்த ஒரு காட்சியையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், அணிலாடு முன்றிலார். அப்பா, அம்மா வைத்த பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. கண்ணால் பார்த்துச் சொன்ன அந்த ஒன்று மட்டும் போகவில்லை. அணிலாடு முன்றிலார் பாட்டு 41-ஆவது. காதலர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கிற ஊர் மாதிரி இருப்பேன், பிரிந்துபோனால் ஆட்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுமே, அப்படிப் பொலிவற்றுக் கிடப்பேன் என்கிறாள் தலைவி. நம் முற்றத்துக்கும் இப்போது அணில் வருகிறது. முன்பு வந்தால் வடகம் காயப்போட்டிருக்கிறேன் என்று அம்மா குச்சியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். நான் விரட்டுவதில்லை.

ஆறாவது பாட்டு பதுமனார் பாடியது. நாலே அடி. நடுச்சாமம். ஊர் பேச்சை நிறுத்திக்கொண்டு அடங்கிவிட்டது. இவ்வளவு பெரிய உலகமும் யார்மீதும் வெறுப்பில்லாமல் தூங்குகிறது. அவள் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை. நீ பரீட்சைக்கு எழுதின பாட்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளுக்கு அதைச் சொல்ல ஒரு தோழியாவது இருந்தாள். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். திதியன்று வீடியோவில் அவர் வரவில்லை, ஆபீசில் வேலை இருந்திருக்கும். தந்தி நிற்கப்போகிறது என்று சொன்ன 2013 ஜூலையில், கடைசி நாட்களில் நான் வரிசையில் நின்று உனக்கு ஒன்று அடித்தேனே, பெங்களூர் விலாசத்துக்கு. அதை நீ கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாய். எப்போது வீடியோவில் வந்தாலும் உன் தோளுக்குப் பின்னால் அது தெரியும். இந்தத் தடவை தெரியவில்லை. சுவரும் வேறு நிறமாக இருந்தது. வெள்ளையடித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவைப் பற்றி நீ எழுத வேண்டும் என்று நான் கேட்பது கவிதை நன்றாக வர வேண்டும் என்பதற்காக இல்லை. அவளைப் பற்றித் தெரிந்தது உனக்கும் எனக்கும் தம்பிக்கும்தான். தம்பி எழுத மாட்டான். எனக்குத் தந்திதான் வரும். நாம் போய்விட்டால் அவள் பஸ்ஸில் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தது யாருக்குத் தெரியும்? பெரியவர்களுக்கு எழுத்தறிவு சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தபோது உனக்கு ஏழோ எட்டோ வயது. சாயங்காலம் தெருவிளக்குக்குக் கீழே பாய் விரித்து உட்கார்வார்கள். உன் சிலேட்டை வாங்கிக்கொண்டு போவாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து அவள் 'ழ' போடுவதைத் திருத்துவாய். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை போகிற வழியில் இருக்கிற அத்தனை பெயர்ப்பலகையையும் அவள் வாய்விட்டுப் படித்த அன்றைக்கு, பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கு வெட்கமாக இருந்தது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "ஏட்டி, நான் என்ன திருடினேனா, படிக்கத்தானே செய்தேன்" என்றாள். இதை எழுதேன். உன் வெட்கத்தையும் சேர்த்தே எழுது. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வெள்ளத்தையாவது எழுது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது. குறுக்குத்துறை முருகன் கோயில் மண்டபம் தண்ணீரில் இருந்தது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமாகக் கிடந்தது. நாங்கள் மாடிக்காரர் வீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தோம். கரண்ட் இல்லை, டவர் இல்லை. நீ அங்கிருந்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாய், ஒன்றுமே போகவில்லை. மறுநாள் ஒரு கோடு மாதிரி சிக்னல் வந்து வந்து போனது. அம்மா வழக்கம்போல வாயால் பேசி அனுப்பப் பார்த்தாள். அது சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. நான்தான் சொன்னேன், குரல் கனமானது, இந்தக் கம்பியில் ஏறாது, நாலு எழுத்து அடி, போகும் என்று. தந்தியின் சூட்சுமமே அதுதானே. பேச்சுப் போகாத இடத்துக்கும் எழுத்து ஊர்ந்து போய்விடும். போனைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து, அவளே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

இருகோம்

ஒரு க் விட்டுப்போயிற்று. நான் திருத்தட்டுமா என்றேன். அதற்குள் சார்ஜ் போய்விடும் என்று அனுப்பிவிட்டாள். அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டு நீ ஆபீஸ் வாசலில் தரையில் உட்கார்ந்து அழுததாகப் பின்னால் சொன்னாய். அம்மா உனக்கு எழுத்தில் அனுப்பினது அநேகமாக அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பேச்சு. உன் போனில் அது இன்னும் இருக்கிறதா? போன் மாற்றியிருந்தால் அது கூட வந்ததா? அதை எங்காவது எழுதி வை. மறந்துவிடாதே. கம்ப்யூட்டரை நம்பி விட்டுவிடாதே, தாளில் எழுதி வை.

கவுண்டரில் இருந்தபோது முக்கூடலிலிருந்து ஒரு பீடி சுற்றுகிற அம்மா வருவார். பிள்ளை பம்பாயில். கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அழுது அழுது எல்லாவற்றையும் சொல்வார். நான் அதை ஆறேழு இங்கிலீஷ் சொல்லாகச் சுருக்குவேன். "மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்பதற்கு மேல் அந்தக் காலத்தில் எவருக்கும் காசு கிடையாது. ஒருமுறை அந்த அம்மா கேட்டார், "இவ்வளவு சொன்னேனே ஐயா, எல்லாம் இதுக்குள்ள இருக்கா?" அடியில் உங்கள் பெயர் இருக்கிறது, உங்கள் மகனுக்கு மிச்சம் புரியும் என்றேன். நாலாம் நாள் அந்தப் பிள்ளை வந்து இறங்கினான், நேரே ஆபீசுக்குத்தான் வந்தான், தாளை நீட்டி இது எங்க அம்மா என்னென்ன சொல்லி அனுப்பினது என்று என்னிடம் கேட்டான். எனக்கு ஞாபகம் இருந்தவரை சொன்னேன்.

இனிமேல்தான் எனக்குக் கஷ்டமான இடம். ஆவணி பிறந்த பிறகு ஒருநாள் விடியற்காலை உன்னிடமிருந்து ஏதோ வந்திருக்கிறது. நான் எழுந்து பார்த்தபோது "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பேசினபோது தவறுதலாக வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியது வந்துவிட்டது என்றாய். சரி என்றேன். எங்கள் காலத்தில் கீயில் அடித்துவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. அது போய்ச்சேர்ந்து, ஒரு காக்கிச் சட்டைக்காரர் சைக்கிளில் கொண்டுபோய்க் கதவைத் தட்டியே தீருவார். இப்போது அனுப்பினதை அழிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் அழித்தது தெரிகிறதே, பாப்பா. எழுதினது தெரியாமல் எழுதினாய் என்பது மட்டும் தெரிகிறதே. ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. நீளமா குட்டையா என்றுகூடக் கேட்கவில்லை. இன்னொரு தடவை அப்படி ஏதாவது எழுதினால் அழிக்காதே. படித்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்றால் காட்டிக்கொள்ள மாட்டேன். நீல டிக் வராமல் இருக்க எதை அமுக்க வேண்டும் என்று பின்வீட்டுப் பையனிடம் கேட்டு மாற்றிவிட்டேன். நான் படித்தேனா இல்லையா என்று உனக்குத் தெரியாது. பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை, விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயமும் உனக்கு இல்லை.

கவிதையாக இருக்க வேண்டியதில்லை. பிழையாக இருக்கலாம், க் விட்டுப்போகலாம். இரண்டு வரி போதும். உன் கையாக இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும், உடம்பு எப்படி, மனசு எப்படி என்று.

தம்பி ஒட்டுகிறேன் என்ற கவிதையை இன்னும் ஒட்டவில்லை. படத்துக்குக் கீழே இடம் காலியாகத்தான் இருக்கிறது. அவசரமில்லை.

உன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். ஜன்னலில் கொசுவலை புதிதாகப் போட்டாச்சு. உன் நோட்டுகள் பச்சைப் பெட்டியில் அப்படியே இருக்கின்றன, கரையான் இல்லை, வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். இன்டர்நெட்டும் வாங்கிவிடலாம், ஆபீஸ் வேலையை இங்கிருந்தே பார்க்கிற பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒரு மாதமோ அதற்கு மேலோ, உன் இஷ்டம். மாப்பிள்ளை வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி. யார் கேட்டாலும் அப்பாவுக்குத் துணைக்கு வந்திருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், பெரியத்தை உள்பட. டிக்கெட்டுக்குப் பணம் தம்பி கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். தேதியை மட்டும் எழுது. காரணம் எழுத வேண்டாம்.

தூங்கு, அம்மா.

அன்புடன்,
அப்பா

பி.கு.: தூத்துக்குடி விமான நிலையத்தில் ஜூலை மாதம் புது டெர்மினல் திறந்துவிட்டார்கள். சென்னையில் இறங்கி அங்கேயே மாறி வந்துவிடு, மதுரை வரை போய் அலைய வேண்டாம். எந்த நேரமானாலும் வண்டி பிடித்துக்கொண்டு நான் வந்து நிற்பேன்.